அமெரிக்கக் கால்பந்தில் தலைக்காயம்: பொறுப்பு லீகுக்கா, கிளப்புக்கா, வீரருக்கா?

கோல்கம்பம் (கேள்வி):

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் மேல் முன்னாள் வீரர்கள் போட்ட மூளை அதிர்ச்சி (கன்கஷன்) வழக்கைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு தரப்பு, லீக் மறைத்தது, பிறகு பணத்தைக் கொடுத்து முடித்தது என்கிறது. இன்னொரு தரப்பு, முட்டி மோதுகிற ஆட்டம் என்று தெரிந்துதானே சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார்கள் என்கிறது. இரண்டும் எனக்குப் போதவில்லை.

சம்பளம் கொடுப்பது கிளப். அப்படியிருக்க வழக்கு ஏன் லீகின் மேல் போனது? "தெரிந்தே ஆடினார்" என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றதா, தள்ளியதா? இழப்பீட்டுத் தொகையை உண்மையில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆட்டத்தின் நடுவில் தலையில் அடிபட்டவரை வெளியே எடுக்கும் அதிகாரம் இன்று யார் கையில் இருக்கிறது? ஹெல்மெட் கம்பெனிக்குப் பங்கு உண்டா? நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டுவது பற்றியும் யாராவது எழுதினால் நல்லது.

வழக்குக்கட்டு:

கிளப்பின் மேல் போவதற்கான வழியைச் சட்டமே அடைத்து வைத்திருந்தது. அமெரிக்காவில் வேலையில் காயம்பட்டவர் அந்தந்த மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டு முறைக்குள்தான் போக வேண்டும். முதலாளியின் கவனக்குறைவை அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, முதலாளிமேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை தொழிலாளிக்கு இல்லாமல் போகிறது. வீரருக்கு முதலாளி கிளப்தான், லீக் அல்ல. அதனால்தான் வழக்கறிஞர்கள் லீகைப் பிடித்தார்கள். இழப்பீட்டு முறையிலும் ஒரு காலத்தில் கலிஃபோர்னியா மட்டும் தாராளமாக இருந்தது. வேறு மாநிலக் கிளப்புகளுக்கு ஆடியவர்கள், அங்கே சில ஆட்டங்களே ஆடியிருந்தாலும், பல ஆண்டுகளில் சேர்ந்த காயத்துக்கு அங்கே மனுப்போட முடிந்தது. 2013-ல் கொண்டுவந்த சட்டம் அதையும் பெரும்பாலும் அடைத்துவிட்டது.

லீகின் மேல் வைத்த குற்றச்சாட்டு, ஆட்டம் ஆபத்தானது என்பதல்ல. 1994-ல் லீக் தானாக முன்வந்து மூளை அதிர்ச்சியை ஆராய ஒரு குழுவை அமைத்தது. கேட்காமலே ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவர் அதை ஒழுங்காகச் செய்யாமல், பிறர் அதை நம்பிக் கெட்டால், பொறுப்பு ஏற்றவருடையது. இது பழைய சட்டக் கொள்கை. அந்தக் குழு வீரர்களுக்கும் மருத்துவர்களுக்கும் என்ன சொன்னது என்பதுதான் வழக்கின் உயிர்.

"தெரிந்தே ஆடினார்" என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. 2011-ல் தொடங்கிய வழக்குகள் 2012 ஜனவரியில் பிலடெல்ஃபியாவில் நீதிபதி அனிட்டா பிராடியிடம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. வீரர்களின் உடல்நலம் லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் அடங்கியது, ஆகவே அதன் நடுவர் முறைக்குத்தான் போக வேண்டும், நீதிமன்றத்துக்கு வேலையில்லை என்று லீக் வாதிட்டது. 2013 ஏப்ரலில் அந்த வாதத்தைக் கேட்ட நீதிபதி தீர்ப்பு எழுதவில்லை. ஜூலையில் இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார். ஆகஸ்ட் 29 அன்று 76.5 கோடி டாலர் சமரசம் வெளிவந்தது. தவறை ஒப்புக்கொள்ளும் வரி அதில் கிடையாது. லீகின் உள் ஆவணங்கள் நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை. பணம் கிடைத்தது, பொறுப்பு யாருடையது என்ற தீர்ப்பு கிடைக்கவில்லை. இந்த வழக்கின் பெரிய குறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நுண்நோக்கி:

லீகின் குழு என்ன சொன்னது என்று வழக்குக்கட்டு விட்ட இடத்தை மருத்துவப் பக்கத்திலிருந்து நிரப்புகிறேன்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002-ல் 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பென்னெட் ஒமாலு, மூளையில் டௌ புரதம் முடிச்சுமுடிச்சாகப் படிந்திருப்பதைக் கண்டு 2005-ல் 'நியூரோசர்ஜரி' இதழில் வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள, சிடிஇ என்று சொல்லப்படும் மூளைச்சிதைவு நோய் இது. மூளை மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றித்தான் படிவு தொடங்குகிறது. தலை திடீரென்று நிற்கும்போதும் சுழலும்போதும் திசு அதிகமாக இழுபடும் இடமும் அதுவே. லீகின் குழு அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதியது. அதே இதழில் அந்தக் குழுவே 2003 முதல் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வெளியிட்டு, நீண்டகாலப் பாதிப்பு தென்படவில்லை என்று சொல்லிவந்தது. குழுத் தலைவராக நெடுநாள் இருந்தவர் மூட்டுவாத மருத்துவர், நரம்பியல் மருத்துவர் அல்லர். 2007-ல் வீரர்களுக்குக் கொடுத்த துண்டறிக்கையிலும், ஒவ்வொரு அதிர்ச்சியையும் சரியாகக் கவனித்தால் ஒன்றிரண்டுக்கு மேல் பட்டாலும் நிரந்தரப் பாதிப்பு வரும் என்று ஆய்வு காட்டவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார்கள்.

ஆனால் 1999-லேயே, லீக் தரப்பும் சங்கத் தரப்பும் சரிபாதியாக உட்காரும் ஓய்வூதிய வாரியம், வெப்ஸ்டரின் முழு ஊனத்துக்கு ஆட்டத்தில் பட்ட தலைக்காயங்களே காரணம் என்று ஏற்று அவருக்கு உதவித்தொகை கொடுத்திருந்தது. ஒரு கை கொடுத்த சான்றை இன்னொரு கை மறுத்தது. "தெரிந்தே ஆடினார்" என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. முழங்கால் போகும், தோள்பட்டை இறங்கும் என்பது வீரருக்குத் தெரியும். 45 வயதில் வீட்டுக்கு வழி மறக்கும் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் நம்பக்கூடிய இடமான லீக் குழுவே அப்படிப் பாதிப்பு இல்லை என்று சொன்னது. லீகின் மூத்த அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சிடிஇ-க்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில்.

ஓர் எச்சரிக்கை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-ல் ஆராய்ந்த 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110-ல் சிடிஇ இருந்தது. இதை 99% வீரர்களுக்கு நோய் என்று பரப்புகிறார்கள். தவறு. அறிகுறி கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. தவிர, சிடிஇ-யை இறந்த பிறகு மட்டுமே உறுதிசெய்ய முடியும்.

கணக்கன்:

பணத்துக்கு வருகிறேன். 76.5 கோடி போதாது என்று நீதிபதி பிராடி 2014 ஜனவரியில் திருப்பி அனுப்பினார். உச்சவரம்பு நீக்கப்பட்டு, 2015 ஏப்ரல் 22-ல் இறுதி ஒப்புதல், மேல்முறையீடுகள் முடிந்து 2017 ஜனவரியில் அமல். இதுவரை கொடுத்தது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

உச்சத் தொகைகள்: ஏஎல்எஸ், அதாவது தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய், 50 லட்சம் டாலர். இறந்தபின் கண்ட சிடிஇ 40 லட்சம். பார்க்கின்சன் அல்லது அல்சைமர் 35 லட்சம். மிதமான மறதிநோய், ஒப்பந்த மொழியில் நிலை 2, 30 லட்சம். ஆரம்பநிலை, அதாவது நிலை 1.5, 15 லட்சம். இதிலிருந்து வெட்டு தொடங்குகிறது. 45 வயதுக்குள் கண்டறிந்தால்தான் உச்சம், வயது ஏற ஏறக் குறையும். ஆடியது 5 சீசனுக்குக் குறைந்தால் ஒவ்வொரு அரை சீசனுக்கும் 10% போகும். முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 75% வெட்டு.

44 வயது, 3 சீசன், நிலை 1.5 என்று வையுங்கள். 15 லட்சத்தில் 40% போனால் 9 லட்சம். சமரசத்தின்கீழ் வைத்த அடிப்படை மூளைத்திறன் பரிசோதனையைத் தவறவிட்டவர் என்றால் இன்னும் 10% போய் 8,10,000. வழக்கறிஞர் கட்டணத்துக்கு நீதிமன்றம் வைத்த உச்சவரம்பு 22%, அது 1,78,200. மீதி 6,31,800 டாலர். அதிலிருந்தும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குத் திருப்ப வேண்டிய பாக்கி கழியும். தலைப்புச் செய்தியில் வரும் 50 லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலரைத் தடுக்கிவிட்ட இடம் மதிப்பெண். ஞாபகசக்திச் சோதனையில் கறுப்பின வீரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அறிவுத்திறன் குறைவாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்தும் முறை நடைமுறையில் இருந்தது. ஒரே மதிப்பெண் எடுத்தாலும் வெள்ளையர் தகுதி பெறுவார், கறுப்பர் பெறமாட்டார். ஓய்வுபெற்ற வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். முன்னாள் வீரர்கள் நாஜே டேவன்போர்ட், கெவின் ஹென்றி இருவரும் 2020-ல் வழக்குப் போட்ட பிறகே, 2022 மார்ச்சில் அந்த முறை நீக்கப்பட்டது. பழைய மதிப்பெண்களை மறுபடி கணக்கிடவும் வழி செய்யப்பட்டது. இதைத் தொழில்நுட்பப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு ஓட்டைகள். 2015 ஏப்ரல் 22-க்குப் பிறகு இறந்தவருக்கு சிடிஇ கண்டாலும் அதற்கென்று தொகை கிடையாது. 2014 ஜூலை 7-க்கு முன் ஓய்வுபெறாதவர் இந்தச் சமரசத்திலேயே இல்லை. இன்று ஆடுகிறவர் எவருக்கும் இதிலிருந்து ஒரு டாலர் வராது.

கோல்கம்பம்:

கடைசி வரி அதிரவைத்துவிட்டது. அப்படியானால் இன்று ஆடுகிறவருக்குக் காப்பு ஆட்ட நாள் விதிமுறைதானே? அங்கே முடிவெடுப்பது கிளப் சம்பளம் வாங்கும் மருத்துவரா?

ஓரக்கோடு:

கிளப் மருத்துவர்தான், ஆனால் தனியாக அல்ல. மைதானத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் கிளப்போடு தொடர்பில்லாத நரம்பியல் ஆலோசகர் ஒருவர் நிற்பார், மூன்றாமவர் மேலே உள்ள கண்காணிப்பு அறையில் இருப்பார். அங்கேயே காணொளியைத் திருப்பிப் பார்க்கும் உடற்பயிற்சி மருத்துவ வல்லுநர்களும் உண்டு. அவர்கள் நடுவரிடம் சொல்லி ஆட்டத்தையே நிறுத்தலாம். இந்த அதிகாரம் வந்தது 2015-ல்.

அடிபட்டவரை முதலில் ஓரத்தில் உள்ள நீலக் கூடாரத்துக்குள் கொண்டுபோவார்கள். எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்பதுபோன்ற கேள்விகள், கழுத்து, கண் அசைவு, நடை, கூடவே அடிபட்ட காட்சியின் காணொளி. சந்தேகம் தீரவில்லை என்றால் உடைமாற்றும் அறையில் முழுச் சோதனை. மயக்கம், குழப்பம், மறதி, தள்ளாட்டம் இவற்றில் ஒன்றிருந்தால் அன்று திரும்ப இறங்கக் கூடாது.

இந்த விதி உடைந்த இடம் 2022 செப்டம்பர் 25. மயாமி அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டுவா டங்கோவைலோவா தலை தரையில் அடித்து எழுந்து தள்ளாடினார். முதுகுவலிதான் காரணம் என்று முடிவாகி மறுபடி ஆடினார். நான்கே நாளில் சின்சினாட்டியில் மறுபடி விழுந்து, விரல்கள் விறைத்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் போனார். அதுவரை தள்ளாட்டத்துக்கு நரம்பு காரணமா என்று மருத்துவர் தீர்மானிக்க இடமிருந்தது. அக்டோபரில் அந்த இடைவெளியை அடைத்தார்கள். நடை குலைந்ததாகவோ பேச்சு குழறியதாகவோ கிளப் மருத்துவரோ வெளி மருத்துவரோ கண்டறிந்தால், அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

திரும்பி வருவதற்கு ஐந்து படி: அறிகுறிக்கு அடங்கிய நடமாட்டம், இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சி, ஆட்டத்துக்கேற்ற பயிற்சி, மோதலில்லாப் பயிற்சி, முழுப் பயிற்சி. ஒரு படியில் தலைவலி திரும்பினால் கீழே இறங்க வேண்டும். கடைசியில் கிளப் மருத்துவரோடு, கிளப் சாராத இன்னொரு நரம்பியல் மருத்துவரும் சம்மதிக்க வேண்டும்.

எங்கே கெடுகிறது? சீசனுக்கு முன் கணினியில் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் சிலர் வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்கிறார்கள், அடிபட்ட பிறகு எடுக்கும் மதிப்பெண் அதோடு ஒத்துப்போவதற்காக. வீரரைத் திட்டுவது சுலபம். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதம் இல்லாதவை. இரண்டு வாரம் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். அறிகுறியைச் சொன்னவருக்கு நஷ்டம், மறைத்தவருக்கு லாபம் என்று அமைத்துவிட்டு, மறைத்ததற்கு வீரரே பொறுப்பு என்பது நியாயமாகாது. கிளப்புக்கான தண்டனையோ, 2017-ல் சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் கூடாரத்துக்குள் சில நொடி உட்கார்ந்துவிட்டு ஆடப் போனதற்கு, ஒரு லட்சம் டாலர். கிளப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லாத தொகை.

ஆடுகிறவர் செய்யக்கூடிய ஒன்று: ஒவ்வொரு சோதனையின் நகலையும், அடிபட்ட காணொளியின் தேதியோடு, தன் வசம் வாங்கி வைத்துக்கொள்வது. பத்து வருடம் கழித்து வேறொரு கிளப், வேறொரு மாநிலம் என்றானபின் தேடினால் சிரமம்.

நுண்நோக்கி:

ஹெல்மெட் பற்றிய கேள்வி விட்டுப்போனது. 1973-ல் வந்த தரநிர்ணயத்தின் இலக்கு மண்டையோடு உடையாமல் காப்பது. ஹெல்மெட்டைப் பொம்மைத் தலையில் மாட்டி விழவைத்து, அடியின் வேகமாற்றத்திலிருந்து கணக்கிடும் தீவிரக் குறியீடு வரம்புக்குள் இருந்தால் தேர்ச்சி. மூளைக்கோ அதிகக் கெடுதல் செய்வது சுழற்சி. உறை எவ்வளவு கெட்டியானாலும் உள்ளே மூளை சுழல்வதை முழுதாக நிறுத்தாது. ரிடெல் கம்பெனி தன் ஹெல்மெட் அதிர்ச்சியை 31% குறைக்கும் என்று விளம்பரம் செய்தது. அதற்கு ஆதாரம் போதாது என்று 2013-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் கண்டது. ஹெல்மெட் செய்ததற்காக அல்ல, கொடுக்காத காப்பைக் கொடுப்பதாகச் சொன்னதற்காகவே கம்பெனிக்குப் பொறுப்பு. ரிடெல் மேல் உள்ள வழக்குகள் லீகின் சமரசத்தில் சேரவில்லை.

நம் கால்பந்துக்கு: வெஸ்ட் ப்ராம்விச் அணியின் ஜெஃப் ஆஸ்ல் 2002-ல் 59 வயதில் இறந்தபோது, தொழில்நோயால் மரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 7,676 ஸ்காட்லாந்து முன்னாள் வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. மூளைச்சிதைவு நோயால் இறப்பது சுமார் மூன்றரை மடங்கு அதிகம். 2021-ல் அதே குழு ஆடும் இடவாரியாகப் பிரித்தபோது, தடுப்பாட்டக்காரர்களுக்குச் சுமார் 5 மடங்கு, கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களை ஒட்டிய அளவு. அதிகம் முட்டுகிறவர் யார் என்பதோடு இது பொருந்துகிறது. அதே ஆண்டு இங்கிலாந்தில், பயிற்சியில் பலமான முட்டல் வாரத்துக்கு 10 என்று வரம்பு வைத்தார்கள். 35 மீட்டருக்கு மேல் வரும் பந்து, கார்னர், ஃப்ரீகிக் எல்லாம் பலமானவை. அந்த எண்ணிக்கையை வைப்பதும் சரிபார்ப்பதும் கிளப்பின் பயிற்சியாளர்கள்தான். என்எஃப்எல்லில் ஓரத்தில் நிற்பவரைப்போல வெளியாள் ஒருவர் பயிற்சித் திடலில் நிற்பதில்லை.