புளி போட்டுத் தேய்த்த சதுரக் காசு

சாங்கி மணல்:
முந்தின இரவு நல்ல மழை. காலையில் சிங்கப்பூர் சாங்கி கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் கத்தியது, அரை அடியில் பிரிட்டிஷ் காலத்து 1920 சதுரச் செம்புக் காசு. வீட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தால், அம்மா குத்துவிளக்கோடு அதையும் சேர்த்துப் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். "பாருப்பா, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ரோஸ் நிறத்தில் ஈரமாக மின்னியது. காலையில் காசில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தாடியில் கோடு கோடாக முடி தெரிந்தது. இப்போது தாடியும் கன்னமும் ஒன்று. "நல்லா இருக்கும்மா" என்றேன். மூன்று வருடமாயிற்று, இன்னும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

பழைய வெள்ளி:
தம்பி, அம்மா மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் எல்லோரும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அரித்துப்போன செம்புக் காசில் உருவம் நிற்பதே அந்தப் பச்சை, பழுப்புப் பூச்சில்தான். புளி அதைக் கரைத்துவிடும். அதைவிட மோசம் உள்ளே இறங்கிய கடல் உப்பு. என்னிடம் 1845 கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு காசு இருந்தது. கழுவித் துடைத்து டப்பாவில் பூட்டினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் விக்டோரியா ராணியின் கழுத்தில் வெளிர்பச்சை மாவு. ஊதினேன், பறந்தது, அடியில் குழி. அதனால் உப்பு வெளியேற டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவையுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகும். அழுக்கை ஈரமாக இருக்கும்போதே பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள், பிரஷ் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் போடச் சொல்பவர்கள் உண்டு. அதிலும் அமிலம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செம்பவாங் அக்கா:
செம்புக்கு நீங்கள் சொல்வது சரி. வெள்ளிக் காசுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை அண்ணே. எனக்குக் கிடைத்த 1927 பத்துக் காசு கரி மாதிரி இருந்தது. கிண்ணத்தில் அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிக்கும் தண்ணீர். அழுகிய முட்டை வாடை வந்தது, அப்புறம் கிரீடம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற தாத்தா கையை நீட்டினார். "இந்தக் காசை முடிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்" என்றார். அன்று இரவு சட்டையைக் கழற்றும்போதுதான் பையிலிருந்து எடுத்துத் தந்தார்.