மறு: 'சாவு முகமூடி' சரிதானா?

ஐயா, வணக்கம்.

இறந்தவரின் முகத்திலிருந்து படியெடுக்கும் உருவத்தை ஆங்கிலத்தில் 'death mask' என்பார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'சாவு முகமூடி' என்னை உறுத்துகிறது. முகத்தை மூடினால்தானே முகமூடி? புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டிய புருனெலெஸ்கி 1446இல் இறந்தபோது அவர் முகத்தைச் சாந்தில் படியெடுத்தார்கள். இன்றும் அது அப்பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரும் அணிவதற்காகச் செய்ததல்ல அது.

முகத்தில் அப்பிய சாந்து இறுகியபின் கழற்றினால் கிடைப்பது குழிவான அச்சு. அதற்குள் மறுபடி ஊற்றி எடுப்பதே நாம் காணும் முகம். ஆகவே 'இறுதிமுக வார்ப்பு' என்கிறேன். 'முகப்படி' என்றும் யோசித்தேன். யானையின் முகபடாம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

பண்டைய உரோமர்களின் 'இமாகோ'வை இதில் சேர்க்கக் கூடாது. அது மெழுகில் செய்தது. உயர்பதவி வகித்த முன்னோரின் முகங்களை வீட்டு முன்கூடத்து மரப்பேழைகளில் வைத்திருப்பார்கள். வீட்டில் சாவு விழுந்தால் அவை வெளியே வரும். முன்னோரின் உயரமும் உடல்வாகும் ஒத்த ஆட்கள் அவற்றை அணிந்து, அவரவர் பதவிக்குரிய உடையில் தேரேறி மன்றம் வரை சென்று, தந்த நாற்காலிகளில் வரிசையாக அமர்வார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். புதிதாக இறந்தவரைப் பழைய பிணங்கள் வரவேற்பது போல! அணிந்ததால் இது முகமூடிதான். ஆனால் 'சாவு' ஒட்டாது. ஆள் உயிரோடிருக்கும்போதே செய்தார்கள் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. 'மூத்தோர் முகம்' போதும். வரலட்சுமி நோன்புக் கலசத்தில் வைக்கும் வெள்ளி முகத்தை 'அம்மன் முகம்' என்றுதானே சொல்கிறோம்?

----

அம்மா, 'மூத்தோர் முகம்' அருமை, எடுத்துக்கொண்டேன். 'வார்ப்பு' என்றதும் வெண்கலம்தான் என் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் அச்சையும் வார்ப்பையும் பிரித்துக் காட்டியபின் மறுக்க வழியில்லை.

ஒரு சிக்கல். புளோரன்சின் வெக்கியோ மாளிகையில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் முகம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அவர் 1321இல் ராவென்னாவில் இறந்தவர். அது அவர் முகத்தில் எடுத்ததல்ல, ஏதோ சிற்பத்தை ஒட்டியது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதை எப்படிக் குறிப்பது?

----

ஐயா, அதை 'தாந்தேயின் இறுதிமுகம் எனப்படுவது' என்று எழுதுங்கள். 'வார்ப்பு' என்ற சொல்லை மட்டும் அங்கே சேர்க்காதீர்கள்.