பெட்ரோல் செலவு திடீரென்று கூடிவிட்டது: மைவி காரில் கோளாறா, என் பழக்கத்திலா?

ஜின்ஜாங் வாசி:
வணக்கம். நான் கோலாலம்பூரின் ஜின்ஜாங்கிலிருந்து துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் பக்கமுள்ள அலுவலகத்துக்கு 2013ஆம் ஆண்டு மைவியில் போய்வருகிறேன். போக வர 34 கிலோமீட்டர். காலையில் அதே காரில் அப்பா என் மகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகே நான் கிளம்புவேன். முன்பு தொட்டியை நிரப்பினால் 450 கிலோமீட்டர் வரை கவலையில்லாமல் ஓடும். இரண்டு மாதங்களாக 310 தாண்டுவதற்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடுகிறது. அப்பாவிடம் இருப்பது (குடிமகன் அல்லாத நிரந்தரவாசிக்குரிய) சிவப்பு அடையாள அட்டை என்பதால், ரோன் 95 பெட்ரோலுக்கு அரசு தரும் புடி95 மானியம் அவருக்கு இல்லை. அவர் எண்ணெய் (பெட்ரோல்) ஊற்றும் நாளில் வாரந்தோறும் மாறும் முழு விலையைத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றிவிட்டேன், ஒரு முறை ரோன் 97 கூட ஊற்றிப் பார்த்தேன், ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஏர்கோனை அணைத்துவிட்டு வியர்த்தும் பார்த்தேன், பலன் இல்லை. வேறு எதைப் பார்ப்பது? வீட்டில் மின்கட்டணமும் ஏறியிருப்பதால், அதற்கும் வழி தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

செந்தூல் பட்டறைக்காரர்:
தம்பி, எச்சரிக்கை விளக்கை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும் வரை ஊற்றி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே போல் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதனால் தூரத்தை வகுத்தால் உண்மை தெரியும். ரோன் 97 ஊற்றியது வீண் செலவு. உங்கள் இயந்திரம் 95க்கு வடிவமைக்கப்பட்டது. ஊசிவழி எரிபொருள் பாயும் இந்தக் கால இயந்திரங்களில் வடிகட்டி அடைத்தால் இழுவைதான் முதலில் குறையும், பெட்ரோல் இந்த அளவுக்குப் போகாது. ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்: செலவு கூடுவதற்குச் சற்று முன்பு காரில் ஏதாவது வேலை செய்தீர்களா?

பத்துமலை அக்கா:
கோளாறு ஒருபுறம் இருக்கட்டும், தம்பி. மெட்ரோ பிரிமா நிலையத்திலிருந்து துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் வரை புத்ராஜெயா எம்ஆர்டி ரயில் தடத்தில் மாறாமலே போகலாம். 2023 மார்ச் மாதத்தில் அந்தத் தடம் முழுமையாகத் திறந்த பிறகும் காரிலேயே போவது எனக்குப் புரியவில்லை. மை50 பயண அட்டைக்கு 30 நாளுக்கு 50 ரிங்கிட். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து எல்லாம் அதில் அடங்கும் (கேடிஎம் கொமுட்டர் அடங்காது). கார் நல்ல நிலையில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தாலும், 22 வேலை நாளில் அலுவலகத்துக்கு மட்டும் 57.5 லிட்டர் தேவை; லிட்டருக்கு 1.99 ரிங்கிட் மானிய விலையிலேயே அது 114 ரிங்கிட் ஆகிறது, வாகன நிறுத்தக் கட்டணம் தனி.

அப்பாவின் செலவுக்கும் ஒரு வழி உண்டு. மானியம் காருக்குத் தருவதில்லை, உரிமம் வைத்திருக்கும் குடிமகனின் மைகாட் அடையாள அட்டைக்குத் தருவது. எனவே எண்ணெய் ஊற்றுவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஜின்ஜாங் வாசி:
அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஐயா, நீங்கள் சொன்னபடி அளந்தேன்: 309 கிலோமீட்டருக்கு 34 லிட்டர், அதாவது லிட்டருக்கு 9.1. நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது, இரண்டு மாதத்துக்கு முன்பு வீட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பின்சக்கர பிரேக் ஷூ மாற்றினேன்.

செந்தூல் பட்டறைக்காரர்:
அங்கேயே இருக்கலாம் என்று தோன்றுகிறது. புதிய ஷூ போட்டுக் கைப்பிரேக் கம்பியை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால், நெம்புகோலை முழுதாக இறக்கிய பிறகும் ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஊற்றும் பெட்ரோலில் ஒரு பகுதி அந்த உரசலைத் தள்ளுவதற்கே செலவாகி, சூடாக மாறிப் போய்விடும். சமதளச் சாலையில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். கார் தானாக உருளாமல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் நின்றால் சந்தேகம் உறுதியாகும். பிறகு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 20 நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, பின்சக்கர ரிம் ஒவ்வொன்றின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். உள்ளங்கையால் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். நல்ல சக்கரம் இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுழலும்.

இரண்டு சக்கரமும் சுதந்திரமாகச் சுற்றினால் அடுத்து, இயந்திரத்தின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டேட்டைப் பாருங்கள். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இயந்திரம் சூடேறாது. இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கணினி கூடுதலாகப் பெட்ரோலைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். டயர் காற்றை, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு, காலையில் கார் ஓடுவதற்கு முன் பிடியுங்கள். ஏர்கோனைப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது காரணமாகாது.

வங்சா மாஜு குடும்பத்தலைவி:
மின்சாரத்துக்கு ஒரு குறிப்பு. மின்சார நிறுவனமான தெனாகாவின் நேரவாரிக் கட்டணத் திட்டத்துக்கு வீட்டுப் பயனர்களும் மாறலாம். வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் விலை அதிகம், சனி ஞாயிறு முழுநாளும் குறைவு. துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் வார இறுதிக்குத் தள்ளினோம், படுக்கையறை ஏர்கோனை 10 மணிக்குப் பிறகுதான் போடுகிறோம். மாலை முழுவதும் ஏர்கோன் ஓடும் வீட்டுக்கு இத்திட்டம் கட்டுப்படியாகாது. மாதப் பயன்பாடு 600 கிலோவாட் மணியைத் தாண்டாவிட்டால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் (ரீடெய்ல் சார்ஜ்) கிடையாது. பில்லில் அந்த வரியைப் பாருங்கள்.

ஜின்ஜாங் வாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வலது பின்சக்கரத்தில் ரிம்முக்கு ஒரு சாண் தூரத்திலேயே அனல் தெரிந்தது. போத்தல் தண்ணீரில் சில துளி தெளித்தபோது சுர்ரென்று ஆவியானது. ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றுக்கூட வரவில்லை. வேறு பட்டறையில் கம்பியைத் தளர்த்தி, கருகிப்போயிருந்த ஷூவை மாற்றினார்கள். இடது பின் டயரில் காற்றும் குறைவாக இருந்தது. நேற்று மீண்டும் அளந்ததில் லிட்டருக்கு 12.6 கிலோமீட்டர் வந்தது.

மை50 அட்டையும் எடுத்துவிட்டேன். வாரத்தில் நான்கு நாள் எம்ஆர்டியில் போகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும், மகளுக்கு மாலையில் பரதநாட்டிய வகுப்பு இருப்பதால், காரை எடுக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் இப்போது என் அட்டையில்தான் ஊற்றுகிறோம். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறவில்லை, ஏனென்றால் மாலை 4 மணிக்கே அப்பாவுக்கு ஏர்கோன் வேண்டும்.