150 புள்ளிக்குள்ள நெருப்பு வீரன் அடங்குதில்லை

கேள்வி (வெள்ளவத்தை):
மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் எண்ட சூப்பர்ஹீரோ பாத்திர விளையாட்டு, மூன்றாம் பதிப்பு. பவர் லெவல் (வீரன்ர பல மட்டம்) 10, அவனை உருவாக்க 150 புள்ளி. தூர அடி 10 ரேங்குக்கு (படிக்கு) 20 புள்ளி, சுத்திவர வெடிக்கிற அடிக்கு இன்னொரு 20, பறப்பு 6 ரேங்குக்கு 12. சக்திக்கே 52 போயிட்டுது. குறி பிடிக்க டெக்ஸ்டெரிட்டி (கைத்திறன்) 10, அதுக்கும் 20. பாதுகாப்புக்கு மிஞ்சுறது காணாது. எதை வெட்டலாம்?

பதில் (தெஹிவளை):
தம்பி, சக்தியில ஒண்டையும் வெட்ட வேண்டாம். ரெண்டு அடியையும் தனித்தனியா வாங்கினதுதான் பிழை. தூர அடிக்கு முழு விலை குடுத்து, வெடிப்பை அதுக்கு மாற்று விளைவா எழுதுங்கோ. 1 புள்ளிதான், 19 மிச்சம். ஒரு நேரத்தில ஒண்டுதான் வேலை செய்யும். ரெண்டும் அடிதானே, நட்டமில்லை. பறப்பை மட்டும் அதுக்குள்ள போடாதேங்கோ. ஆகாயத்தில நிண்டு நெருப்பை விட்டா அந்தக் கணமே பறப்பு நிண்டுடும், ஆள் கீழ.

பதில் (கொட்டாஞ்சேனை):
டெக்ஸ்டெரிட்டியை விடுங்கோ. 'தூரச் சண்டை: நெருப்பு' எண்ட திறனை 10 ரேங்க் எடுங்கோ, 2 ரேங்குக்கு 1 புள்ளி, மொத்தம் 5தான். அடிக்குறியும் சேதமும் கூட்டினா பவர் லெவலின்ர ரெண்டு மடங்கை, 20ஐத் தாண்டக்கூடாது, 10உம் 10உம் சரியா நிக்கும். டொட்ஜும் (அடிக்கு விலகுறது) டஃப்னஸும் (அடியைத் தாங்குறது) சேர்ந்தும் அதே 20தான். டஃப்னஸை நேரா வாங்கேலாது. புரொடெக்‌ஷன் எண்ட காப்புச் சக்தி ரேங்குக்கு 1, ஸ்டமினா (உடல்வலு) ரேங்குக்கு 2, ரெண்டும் டஃப்னஸை ஏத்தும். ஆனா ஸ்டமினா ஃபோர்டிட்யூடையும் (நஞ்சு, நோயைத் தாங்குறது) சேர்த்து ஏத்தும்.

கேட்டவர்:
அப்ப வெடிப்பில 19, குறியில 15, மொத்தம் 34 புள்ளி மிச்சம். நன்றி அண்ணை!