பல்செட்டைத் தாங்கும் இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு தேய்கிறது: டர்பனிலிருந்து ஆலோசனை வேண்டி

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என்னோடு வசிக்கும் 71 வயதான என் தாயாருக்கு, 2018 இல் கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியம் இம்பிளாண்டுகள் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்கள்) வைத்து, அவற்றின்மீது கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொருத்தினார்கள். ஆறு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது ஐந்து மாதங்களாக வலப்பக்க இம்பிளாண்டைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது. இரவில் பல்செட்டைக் கழற்றும்போது அதன் உட்குழியில் மெல்லிய இரத்தக் கோடு தெரிகிறது. ஈற்றை விரலால் அழுத்தினால் ஒரு துளி சீழ் வருகிறது. வலி இல்லாததால் அம்மா இதைப் பெரிதாக எண்ணவில்லை. எனக்கோ அதுவே அச்சம், ஏனெனில் இம்பிளாண்டைச் சுற்றியுள்ள எலும்பு வலியே இல்லாமலும் கரையக்கூடும்.

ஈற்றுக்கும் இம்பிளாண்டுக்கும் இடையிலான பை 7 மில்லிமீட்டர் ஆழம். எக்ஸ்ரேயில் எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. இம்பிளாண்ட் ஆடவில்லை. இடப்பக்கம் நலமாக உள்ளது.

இருமுறை ஆழமாகச் சுத்தம் செய்தோம். இரண்டு வாரம் குளோர்ஹெக்சிடின் கொண்டு வாய் கொப்பளித்தார், ஆன்டிபயாடிக் ஒரு சுற்று முடித்தார். மூன்று வாரம் அடங்கிய சீழ் மறுபடியும் வந்தது. பல்செட்டை இம்பிளாண்டோடு பிடித்துவைக்கும் தேய்ந்த நைலான் வளையங்களை மாற்றி, பல்செட்டின் அடிப்பகுதியையும் ஈற்றுக்கு ஏற்பச் சீரமைத்தாயிற்று. அவருக்குப் புகைப்பழக்கம் இல்லை. ஆனால் நீரிழிவு உண்டு, மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 இலிருந்து 7.3 ஆகக் குறைந்திருக்கிறது.

ஈற்றைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இம்பிளாண்டையே எடுத்துவிட்டு, எலும்பு ஆறியபின் புதிதாக வைக்கலாம் என்கிறார் மற்றொருவர்.

இதே நிலையில், ஆடாத இம்பிளாண்டுக்கு ஈற்றைத் திறந்து சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு, அது எத்தனை ஆண்டுகள் சீழின்றி நிலைத்தது?