அப்பா சைக்கிளுக்குக் காத்து எவ்வளவு? டயர் சொல்றது 50, கடைக்காரர் சொல்றது கட்டைவிரல்

மாட்டுக்கொட்டகை:
பல வருஷமா கொட்டகையில சாத்திக் கிடந்த அப்பாவோட சைக்கிளை எறக்கிட்டேன். கம்பி பிரேக் (ஒயருக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்கற பிரேக்), சக்கர அளவு 28 x 1½. ரிம் பழசு, துரு தேய்ச்சாச்சு. டயர், டியூப் புதுசு. டயர் ஓரத்துல 50 பி.எஸ்.ஐ.ன்னு (காத்தழுத்தக் கணக்கு, பவுண்டுன்னும் சொல்வாங்க) போட்டிருக்கு. தெருமுனைக் கடைக்காரர் பாதியிலயே நிறுத்திட்டு, கட்டைவிரலால அமுக்கிப் பாத்து, "போதும் தம்பி, இதுக்கு மேல அடிச்சா வெயில்ல வெடிச்சுரும்"னார். வீட்டுல மீட்டர் வச்ச பம்பை மாட்டி ஒரு அமுக்கு அமுக்கினா முள் 30க்குப் போகுது. நான் 82 கிலோ. யாரு பேச்சக் கேக்க?

டபுள்கேரியர்:
கடைக்காரர் பேச்சக் கேளுங்க. எங்க சித்தப்பா வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தார். மீட்டர்னு ஒண்ணு கடையிலயே கிடையாது. பழைய ரிம்முல 50 அடிச்சா டயர் ஓரம் எந்திரிச்சு டியூப் வெளிய பிதுங்கும். சின்ன வயசுல நானே பாத்திருக்கேன். டம்முனு ஒரு சத்தம், கடையில இருந்த அத்தனை பேரும் ரோட்டுல நின்னோம்.

காத்தாடி:
வெயில்ல வெடிக்கும்ங்கறத முதல்ல கணக்குப் போட்டுப் பாப்போம். காலையில 25 டிகிரியில 50 அடிச்சீங்க, மத்தியானம் டயர் 50 டிகிரிக்குச் சூடாச்சுன்னா உள்ள 55, 56 இருக்கும். அவ்வளவுதான். அஞ்சு பவுண்டுக்கு நல்ல டயர் வெடிக்காது. வெயில்ல நிக்கிற சைக்கிள் வெடிச்சா, ஏற்கனவே ஓரம் கிழிஞ்ச டயரா இருக்கும், இல்ல டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் மாட்டியிருக்கும்.

இன்னொண்ணு, உங்க மீட்டர் சொன்ன 30ம் உண்மையில்ல. காத்து அடிக்கற மவுத்துக்குள்ள வால்டியூப்னு ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும், அந்த ரப்பரைத் தள்ளித் திறந்தாத்தான் காத்து உள்ள போகும். முள் காட்டுறது டயர்ல இருக்கறதும் ரப்பரோட முரண்டும் சேர்ந்த கணக்கு. அதனால உள்ள 30கூட இல்ல. 82 கிலோவுக்கு அது ரொம்பக் கம்மி.

டபுள்கேரியர்:
கணக்கெல்லாம் சரி சார், ஆனா புது ரிம்முக்கு. இப்ப வர்ற ரிம்முல டயரைப் பிடிச்சுக்க உள்பக்கம் ஒரு கொக்கி மடிப்பு இருக்கும். கம்பி பிரேக் ரிம்முல அது இல்ல, ஓரம் வழவழன்னு நேரா நிக்கும். டயர் ஓரத்துக்குள்ள ஓடுற கம்பி ரிம்முல இறுக்கமா உக்காந்திருக்கறத நம்பித்தான் டயர் நிக்குது. அதத்தான் நான் சொல்ல வந்தேன்.

காத்தாடி:
அண்ணே, இது நியாயமான பேச்சு. ஒத்துக்கறேன். அதனாலதான் டயர்ல போட்டிருக்கறதுக்கு மேல ஒரு பவுண்டுகூடப் போகாதீங்கன்னு நானும் சொல்றேன். ரேஸ் சைக்கிள் டயர் 100 தாங்குதேன்னு இதுல அடிக்கக் கூடாது. டயர் அகலமாக ஆக, அதே காத்து அதோட ஓரத்தை இன்னும் பலமா இழுக்கும். ஆமா, சித்தப்பா கடையில வெடிச்சது என்ன வண்டி?

டபுள்கேரியர்:
ஒருத்தர் வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்த வண்டி. அதுவும் 28தான்.

சைடுஸ்டாண்டு:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். அங்கதான் கோளாறு. ரெண்டு 28 இருக்கு. நம்ம ஊரு 28 x 1½ல டயர் உக்கார்ற இடத்துக் குறுக்களவு 635 மி.மீ. வெளிநாட்டு வண்டியில பெரும்பாலும் 622. நம்ம டயரை அதுல மாட்டினா 13 மி.மீ. லூசு. கையாலயே சுலபமா ஏறிடும், காத்து ஏற ஏற எந்திரிச்சுப் பறந்துரும். ரிம் மேல பழி போடாதீங்க. மாட்டுக்கொட்டகை, உங்க டயர் ஓரத்துல 40-635னு (அகலம் 40, குறுக்களவு 635) இருக்கான்னு பாருங்க.

டபுள்கேரியர்:
இருக்கலாம். அன்னிக்கு யாரு நம்பர் பாத்தா? ஆனாலும் சித்தப்பா விரல் தப்பாச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

காத்தாடி:
கெட்டியான டயர் 30லயே கல்லு மாதிரிதான் இருக்கும், விரலுக்கு வித்தியாசம் தெரியாது. காத்து கம்மியா ஓட்டினா பள்ளத்துல ரிம் டியூப்பைக் கடிக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். கம்பி பிரேக் ரிம்மைத்தான் பிடிக்குது, டயர் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து மவுத்து சாஞ்சுரும். கடைசியில மவுத்துக்கிட்ட கிழியும். வாடகை சைக்கிள்ல மவுத்து கிழிஞ்சதே இல்லையாண்ணே?

டபுள்கேரியர்:
வாரத்துக்கு ரெண்டு வரும். அதுக்குத் தனி டப்பாவே இருந்துச்சு 😄

சைடுஸ்டாண்டு:
மீட்டரும் வேணாம், விரலும் வேணாம். ஆள் ஏறாம ரிம் ஓரத்துலேருந்து தரை வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க. அப்புறம் ஏறி உக்காந்து, இன்னொருத்தர விட்டு அளங்க. டயர் உயரத்துல நூத்துக்குப் பதினஞ்சு பங்கு அமுங்கணும். ஃபிராங்க் பெர்ட்டோன்னு ஒரு அமெரிக்கர் சொன்ன கணக்கு. 40 மி.மீ. டயருக்கு 6 மி.மீ. நிமிந்து உக்கார்ற வண்டியில எடை பின்னாலதான் விழும், அதனால ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடிக்காதீங்க. பின்னால நெல்லு மூட்டை வைக்கிற வண்டின்னா இது வேற கதை.

மாட்டுக்கொட்டகை:
40-635தான். அம்மா ஸ்கேல் பிடிச்சாங்க. பழைய காத்துல பின் டயர் 11 மி.மீ. அமுங்குச்சு. முள் 48 காட்டற வரைக்கும் அடிச்சேன், ஆறுக்கு வந்துருச்சு. முன்னால 35லயே ஆறு. ரெண்டு மணி வெயில்ல நிறுத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல.

டபுள்கேரியர்:
ஒரு மாசம் ஓட்டிட்டு ரிம் ஓரத்தைத் தடவிப் பாத்துச் சொல்லுங்க தம்பி. அதுவரைக்கும் நான் எங்கயும் போகல.

மாட்டுக்கொட்டகை:
சரிண்ணே. இப்போதைக்கு வால்டியூப் ஒரு முழம் வாங்கி வச்சிருக்கேன், பழசு செல்லரிச்சுப் போய் விரல்ல ஒட்டுது.