குழியடைப்பா, குழி கூம்பலா?

அனைவருக்கும் வணக்கம்.

மரவியல் பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'பிட் ஆஸ்பிரேஷன்' என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன். ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் ஒரு டிரக்கீடிலிருந்து (நீர் கடத்தும் நீண்ட செல்) அடுத்ததற்கு நீர் போவது செல்சுவரிலுள்ள வரம்புடைய குழிகள் வழியே. குழிச் சவ்வின் நடுவில் டோரஸ் என்னும் தடித்த வட்டு, சுற்றிலும் வலை போன்ற இழைகள். பச்சை மரம் காற்றில் உலரும்போது, வற்றும் நீரின் பரப்பு இழுவிசை வட்டை ஒருபக்கமாக இழுத்துக் குழிவாயில் அப்பிவிடும். பிறகு பூஞ்சணத் தடுப்பு மருந்தை அழுத்தம் கொடுத்து ஏற்றினாலும், ஸ்புரூஸில் ஆழமாக இறங்காது. "குழியடைப்பு" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி 1

ஐயா, அடைப்பு என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து அடைத்ததாகப்படும். தொல்காப்பியர் அகக்காழ், அதாவது உள்வைரம், உள்ளதையே மரம் என்றார். அந்தக் காழ் வைரம் பாயும்போது பிசினும் பிறவும் படிந்து குழி தூர்கிறதே, அதுதான் அடைப்பு. இங்கே இருந்த உறுப்பே நகர்ந்து மூடுகிறது. அந்தியில் தாமரை கூம்புவதுபோல. "குழி கூம்பல்" என்போம். புறநானூற்றில் கூம்பு பாய்மரம். குவிந்து ஒடுங்குவதால் வந்த பெயர். மரத்தோடு பழைய உறவுள்ள சொல்.

மறுமொழி 2

கூம்பல் அழகான சொல்தான் அண்ணை. ஆனால் பைனின் விதை இருப்பதையும் கூம்பு என்றுதானே படிப்பிக்கிறோம்? ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் பிள்ளைகள் குழம்புவினம். "குழிமூடல்" போதும். டிரக்கீடுக்கு எங்கட புத்தகங்களில் குழற்போலி என்ற நல்ல சொல் இருக்கு, அதையும் எடுங்கோ.

மறுமொழி 3

எதிர்ச்சொல்லும் வேண்டுமே. நீரை எத்தனாலால் மாற்றிவிட்டு உலர்த்தினால் பல குழிகள் திறந்தே இருக்கும். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 22க்கு இறங்கிவிடுகிறது. உறையவைத்து உலர்த்தினாலும் குழிகள் திறந்தே இருக்கும். அவற்றை "மூடாக்குழி" எனலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

மறுமொழி 4

சேர்த்தெழுத வேண்டாம். உழவர்கள் மூடாக்கு என்பது நிலத்தில் பரப்பும் இலைதழையை. அவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

மறுமொழி 5

நன்றி. "குழிமூடல்", "மூடாத குழி" என்றே அனுப்புகிறேன். குழற்போலியை அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறேன்.

மறுமொழி 6

கூம்பல் என்று சொன்ன என் மறுப்பு இருக்கட்டும் ஐயா. மூடியது திறக்கும். இந்த வட்டோ உலர்ந்தபின் ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது, திரும்ப நனைத்தாலும் எளிதில் விடாது. அந்த ஒட்டல் 'மூடலில்' இல்லை.